ஈசானிய மூலைத் தூண்

தங்கையனுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சுத்தமாக இருக்கிற கையையே துண்டில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்தே அப்படித்தான். அவனுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இதற்கு நேர்மாறு. நீடாமங்கலத்திலிருந்து வருகிறவர்கள் எங்கள் தெருவில் அரசப்பன் வீடு எது என்று கேட்டால், போய்க்கொண்டே இருங்கள், சத்தம் கேட்கும் என்று வழி சொல்வார்கள்.

தங்கையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சிங்கப்பூர் போனான். கப்பல் கட்டும் இடத்தில் பதினொரு வருஷம் வெல்டிங் வேலை. திரும்பி வந்து நீடாமங்கலத்தில் பட்டறை போட்டான். சுற்று வட்டாரத்தில் பாதி வீட்டு இரும்புக் கேட் அவன் செய்ததுதான். இடையில் அவன் லீவில் வந்திருந்தபோதே கீழ்வேளூரில் பெண் எடுத்து ஈஸ்வரியைக் கட்டிவைத்திருந்தோம். நானும் அவளும் ஒரே அடுப்பில்தான் சமைத்தோம். மாமனார் சொத்தைப் பிரிக்காமலே கண்ணை மூடிவிட்டார். வீடு, களம், வயல் எல்லாம் கூட்டுப் பட்டா. இத்தனை வருஷமாக அதில் ஒரு சொல் வந்ததில்லை, ஆண்டவன் புண்ணியத்தில்.

சிங்கப்பூரில் அவனுடைய மேஸ்திரி ஒருவர் வானத்தைப் படம் பிடிக்கிறவராம். அவரிடமிருந்துதான் இந்த ஆசை இவனைத் தொற்றிக்கொண்டது. வரும்போது தங்கச் சங்கிலி கொண்டுவருவான் என்று ஈஸ்வரி வீட்டில் எதிர்பார்த்திருக்க, இவன் ஒரு தொலைநோக்கியும் கேமராவும் கொண்டுவந்தான். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். பட்டறையை மூடிவிட்டு வந்து சாப்பிட்டதும் மேலே பார்ப்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த கெட்ட பழக்கம்.

அவன் படங்கள் சரியாக வரவில்லை. காரணம் தொலைநோக்கி இல்லையாம், அதைத் தாங்குகிற அடிப்பொறியாம். மவுண்ட் என்று அதற்குப் பேர். வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் கேமரா திறந்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் மவுண்ட் வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்ப வேண்டும். துளி ஆடினாலும் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக நெளியும். அவனிடம் இருந்த பழைய மவுண்ட் காற்றடித்தாலே ஆடியது. மொட்டை மாடியில் வைத்தால் கீழே ஈஸ்வரி நடக்கிற நடைக்கு ஆடியது. வயல் வரப்பில் வைத்தால் களிமண்ணில் ஒரு கால் இறங்கி எல்லாம் சாய்ந்தது.

புதிதாக ஒன்று வாங்குவது என்று ஆனது. அதில் இரண்டு வகை. லேசானது ஐந்து கிலோகூட இராது, பையில் போட்டு வண்டியில் கொண்டுபோகலாம். நாகப்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஃபாஜில் அதைத்தான் வைத்திருந்தார். இவனைப் போலவே வானப் பைத்தியம் உள்ள பிள்ளை அவர். ஊருக்குள் விளக்கு வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது, இருட்டு இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும், அதனால் தூக்கிப்போகிற மாதிரிதான் வாங்க வேண்டும் என்று அவர் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். கனமானது எடைக்கற்களோடு முக்கால் மூட்டை நெல் கனம். அதை ஒரு தூண் போட்டு அதன்மேல் முடுக்கி வைக்க வேண்டும். ஆனால் அசையாது.

தங்கையன் கனமானது பக்கம்தான் சாய்ந்தான். அதற்கு அவன் சொன்ன காரணம் எனக்கே புரிந்தது. மவுண்ட் சரியாகத் திரும்ப வேண்டுமானால் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே மிகத் தாழ்வாக இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால் அந்த உயரம்தான். எங்கள் வீட்டில் நல்ல தரையும் வடக்கே திறந்த வெளியும் உள்ள இடம் பின்னால் இருக்கும் களம் ஒன்றுதான். அந்தக் களத்துக்கு வடக்கேதான் என் வீட்டுக்காரர் தை மாதம் வைக்கோல் போர் போடுவார். போர் நிற்கிற வரைக்கும் துருவ நட்சத்திரம் தெரியாது. லேசான மவுண்டை ஒவ்வொரு நாளும் புதிதாக நிறுத்தி நட்சத்திரத்தைப் பார்த்தாக வேண்டும். தூணில் வைத்ததை ஒரே ஒரு தடவை பார்த்துச் சரி செய்தால் போதும்.

"போர் கரைஞ்சு கிடக்கிற வைகாசியிலேயே ஒரு தடவை பார்த்து முடுக்கிட்டேன்னா, அப்புறம் அண்ணன் பனைமர உசரத்துக்குப் போர் போட்டாலும் எனக்குக் கவலையில்ல அண்ணி" என்றான்.

அண்ணனிடம் சொல்லாமல் செய்யவில்லை. சாப்பிடும்போது, களத்து மூலையில் ஒரு தூண் போட்டுக்கொள்கிறேன் என்று என் காதுபடத்தான் கேட்டான். அவர் டி.வி.யில் செய்தி பார்த்தபடியே ம் என்றார். மாடு கட்டுகிற முளை மாதிரி ஏதோ என்று நினைத்திருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தங்கையன் ஓர் ஆளை வைத்து நாலடி ஆழம் தோண்டினான். பட்டறையில் கம்பிக்கூடு பற்றவைத்துக் கொண்டுவந்து உள்ளே இறக்கினான். வடக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவன் எடுத்துக்கொண்ட இடம் களத்தின் வடகிழக்கு மூலை. நான் அதைப் பார்த்தேன். ஈசானிய மூலை, வெள்ளிக்கிழமை, வளர்பிறை. மனசு நிறைந்துபோயிற்று. ஒரு காரியத்தைத் தொடங்குகிறான், சாமி பேரைச் சொல்லித் தொடங்கட்டும் என்று உள்ளே போய் மஞ்சள், குங்குமம், நவதானியம், தேங்காய் எல்லாம் எடுத்து வந்தேன். குழிக்குள் நவதானியம் போட்டேன். கான்கிரீட் இறங்கி, சாயங்காலம் இறுகியதும் தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, சூடம் காட்டினேன். தங்கையன் சிரித்துக்கொண்டே நின்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் பக்கத்தில் ஈசானிய மூலையில் குழி வெட்டி, நவதானியம் போட்டு, மஞ்சள் பூசிச் சூடம் காட்டுவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். மனை முகூர்த்தத்துக்கு. வீடு கட்டத் தொடங்குகிறபோது செய்வது. எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வந்தார். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் கேட்ட சத்தத்தில் நான் கையில் இருந்த பால் சொம்போடு ஓடினேன்.

"என்னடா இது?"

தங்கையன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, தொலைநோக்கி வைக்கிற தூண் என்றான்.

"தொலைநோக்கி வைக்க இத்தனை தடியாத் தூணா? யானையா கட்டப் போறே?"

"உங்கிட்டச் சொல்லிட்டுத்தானேண்ணே போட்டேன்."

"தூணுன்னு சொன்னே. மனை போடுறேன்னு சொன்னியா? நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து, ஈசானியத்துல, மஞ்சள் பூசி, பூச்சரம் சுத்தி... கூட்டுப் பட்டாவுல வீடு எழுப்பிட்டா அப்புறம் அந்த இடம் உன்னுதுன்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

நான்தான் பூசை வைத்தேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ எப்போதும் அவனுக்குத்தான் வக்காலத்து வாங்குவாய் என்றார். அந்த நேரம் பார்த்து ஈஸ்வரி சமையல்கட்டிலிருந்தே ஒரு வார்த்தை விட்டாள். "கட்டுனாத்தான் என்னவாம்? அவங்க அப்பா சொத்துதானே, அடுத்தவன் வீட்டு வாசல்லயா கட்டுறாங்க?"

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. பார்த்தியா, பொம்பளை வரைக்கும் பேசி முடிவு பண்ணியிருக்காங்க என்று தெருவில் நின்று சொன்னார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தங்கையன் களத்தில் வீடு கட்டப் போவதாகப் பேச்சு. பேங்க்கில் கடன் கேட்டிருக்கிறானாம் என்றுகூட ஒருத்தி வந்து என்னிடமே சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. என் வீட்டுக்காரர் கன்றுக்குட்டியைத் தூணில் கட்டினார். தங்கையன் அவிழ்த்து மாற்றிக் கட்டினான். அவர் சாணியை உருட்டிக்கொண்டுபோய்த் தூண் முழுக்க வரட்டி தட்டினார். வயசு ஐம்பத்தாறு, வீட்டில் வரட்டி தட்டி அவரை நான் பார்த்ததே இல்லை. தங்கையன் பட்டறையிலிருந்து வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். காலையில் மறுபடியும் வரட்டி இருக்கும். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. ஈஸ்வரி தனி அடுப்பு வாங்கிக்கொண்டு வந்து பின்கட்டில் வைத்தாள். நான் சமைத்ததில் ஒரு கிண்ணம் கொண்டுபோனால், இருக்கட்டும் அக்கா, எங்களுக்குப் போதும் என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்.

மெட்ராசில் மவுண்ட் விற்கிறவர் தங்கையனுக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டார், எதை அனுப்ப என்று. அதுவரை இவன் பதில் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலை நான் பட்டறைக்கே போனேன். கோயில் திருநீற்றை அவன் கையில் கொடுத்து, லேசானதையே வாங்கிக்கொள்ளப்பா, தூண் வேண்டாம், நான் செய்த தப்பு என்னோடு போகட்டும், குடும்பம் உடைய வேண்டாம் என்று கேட்டேன். அவன் வெகுநேரம் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் சரி என்றான். ஃபாஜிலை வரச் சொல்கிறேன், அவருடையதைக் களத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதையே சொல்லிவிடுகிறேன், தூணை நானே அறுத்து எடுத்துவிடுகிறேன் என்றான். வரும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் ஃபாஜில் வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. வாசலில் என்னைப் பார்த்ததும் நல்லா இருக்கீங்களா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் பின்பக்கம் போனார். பையைத் திறந்து மூன்று காலை விரித்து, அதன்மேல் அந்தச் சின்ன மவுண்டை வைத்தார். என் இட்லிப் பானை அளவுதான் இருந்தது. தூணுக்கு நாலு தப்படி தள்ளி, களத்தின் நடுவில்தான் வைத்தார்கள். வடக்கே துருவ நட்சத்திரம் எப்போது தெரியும் என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கேற்றிவிட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் களத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மூணு காலு. நாளைக்கு நாலு காலு. அடுத்த மாசம் கூரையா?" என்றார்.

ஃபாஜில் நிமிர்ந்தார். "அண்ணே, இது நட்டு வைக்கிறது இல்லண்ணே. இப்பவே மடிச்சுப் பையில போட்டா, வந்த தடம்கூட இருக்காது."

"நீங்க விருந்தாளி தம்பி, உங்ககிட்ட எனக்கு ஒன்னுமில்ல. தூணுக்கு முதல்ல பூசை போட்டுட்டு இப்ப நடிக்கிறானே, அவன்கிட்டத்தான் பேசுறேன். இவன் காலும் இந்தக் களத்துல படக்கூடாது, இவன் சாமான் காலும் படக்கூடாது."

சொல்லிவிட்டுப் பாதத்தால் அந்த மூன்று காலில் ஒன்றைத் தள்ளிவிட்டார். பலமாக இல்லை. ஆனால் அது சாய்ந்தது. ஃபாஜில் பாய்ந்து பிடித்துவிட்டார்.  நான் ஏங்க என்று களத்துக்குள் ஓடினேன்.

தங்கையன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். வெளியே போகப் போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை. அண்ணன் முகத்துக்கு நேராக நின்றான்.

"தூக்கிட்டுப் போறதை வச்சாலும் தள்ளி விடுறீங்க. அப்ப நட்டதே இருக்கட்டும். பாகத்தைப் பிரிச்சுக் குடுங்க."

அன்றே மெட்ராசுக்குப் போன் செய்து கனமானதை அனுப்பச் சொல்லிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாங்கிய வாக்கு அந்தக் களத்திலேயே போய்விட்டது. அவனைக் குறை சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை.

அவர்களுடைய தாய்மாமன் சாரங்கபாணி கும்பகோணத்திலிருந்து வந்தார். பாகம் பிரிப்பதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் இரண்டு பங்காகப் பிரிப்பான், இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வான். பிரிக்கிறவன் முதலில் எடுக்க முடியாது என்பதால் பிரிவு நியாயமாக இருக்கும் என்று யோசித்து வைத்த வழக்கம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பிரித்தார். ஒரு பங்கில் தெருவைப் பார்த்த வீடு, வாய்க்கால் தலைப்பில் இருக்கிற நல்ல வயல், பம்பு செட்டு. இன்னொரு பங்கில் பின்பக்கக் களம், மாட்டுக்கொட்டகை, கடைமடை வயல். கடைமடைக்குத் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் வரும். ஐப்பசி மழையில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் மூழ்கும்.

தூண் அந்த இரண்டாவது பங்கில் நின்றது.

மாமா படித்துப் பார்த்துவிட்டு, என்னடா அரசப்பா, தராசு ஒரு பக்கமே சாயுதே என்றார். எடுக்கப் போகிறவன் அவன்தானே, நல்லதை எடுத்துக்கொள்ளட்டும், நானா தடுக்கிறேன் என்றார் இவர். அதில் இருந்த கணக்கு எனக்குத் தெரியும். முதல் நாள் சாப்பிடும்போது என்னிடம் சொல்லியிருந்தார். "கிறுக்கன்கூடக் கடைமடையை எடுக்க மாட்டான். நல்ல வயலைக் கேட்பான். நான் தரேன், ஆனா களம் என்னுது, தூணைப் புடுங்குன்னு சொல்லுவேன். அப்ப வருவான் பாரு, பாகமே வேண்டாண்ணேன்னு." தம்பி தன்னை விட்டுப் போவான் என்று அவர் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அவன் குனிந்து வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். மாமா இரண்டு தாளையும் தட்டில் வைத்தார். ஈஸ்வரி தங்கையன் பின்னால் நின்று, வயலை எடுங்க, நமக்கு என்னங்க அந்தத் தூணு என்று எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நானும் சாமியைப் பார்த்து அதைத்தான் வேண்டினேன். வயலை எடுக்கட்டும், தூண் போகட்டும், மனசு இறங்கட்டும்.

தங்கையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். களத்துக்குப் போக வர எனக்கு வழி எது? வாய்க்கால் கரை வழிதான், தெரு வழி இல்லை என்றார் மாமா. அவன் தலையாட்டினான். கடைமடைத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"யோசிச்சு எடுத்தியாடா?" என்றார் மாமா.

"யோசிச்சுதான் மாமா. அதுல ஒன்னு அசையாம நிக்குது."

ஈஸ்வரி செருப்பைக்கூட மாட்டாமல் கோயிலை விட்டு இறங்கிப் போனாள். அதற்கப்புறம் ஒரு மாசம் அவள் அவனோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். எல்லோரும் போன பிறகு எழுந்தார்.  வீட்டு வாசலுக்கு வந்ததும், "எடுப்பான்னு நான் நெனைக்கல" என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் சுவர் எழுப்பினார். ஏழடிச் சுவர். தங்கையன் பங்கில் வீடு இல்லாததால் களத்தின் தெற்கு ஓரம் இரண்டு அறை கட்டிக்கொண்டான். அவர் அன்றைக்குச் சத்தம் போட்டுச் சொன்னது போலவே களத்தில் வீடு வந்துவிட்டது. அதைச் சொல்லிக்காட்டி, நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா என்று ஊரெல்லாம் சொல்கிறார். யார் அதைக் கட்ட வைத்தது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. ஐப்பசியில் கடைமடை மூழ்கிப் பயிர் அழுகியது. ஈஸ்வரி வெளுத்த முகத்தோடு வரப்பில் நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பதால் கூப்பிடவில்லை.

தை மாதம் பிள்ளையார் கோயிலில் வைத்து அவள் என் கையில் ஓர் உறையைத் திணித்தாள். உங்க கொழுந்தனார் குடுக்கச் சொன்னாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே ஒரு படம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். நாம் ஆறு என்று எண்ணுகிற இடத்தில் எண்ண முடியாத அளவு இருந்தது, அதைச் சுற்றிலும் நீலமாக விபூதி தூவியது போல ஒரு புகை. ஒரு நட்சத்திரம்கூட நெளியவில்லை. எல்லாம் புள்ளி. நான் கோயில் குளத்துப் படித்துறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து பூசை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் நேராக வைத்தேன். அடுத்த நாளும் திரும்பியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை எடுத்து எறியவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, தினமும் திருப்பி மட்டும் வைக்கிறார்.  இன்று காலையும் அதை நேராக வைத்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன்.